உன் பேரில் ஓடுகிற பஸ்

அன்புள்ள மகன் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தைக் கந்தோரில் வைத்து உடைக்காதே. உறையில் என் எழுத்தைக் கண்டதும், ஊர்ப் புதினம் வந்திருக்கிறது, பக்கத்து மேசைக்காரருக்கும் வாசித்துக் காட்டிச் சிரிக்கலாம் என்று உன் கை துடிக்கும். நான் எழுதுவதும் வழக்கமாக அப்படித்தான். யார் வீட்டு ஆடு யார் வேலியைத் தின்றது, எந்தச் சபையில் எவர் சால்வை தடக்கி விழுந்தார் என்பதற்கு மேல் என் கடிதங்களில் ஒன்றும் இருந்ததில்லை. இதை மட்டும் அறைக்குக் கொண்டுபோ. உன்னோடு தங்கியிருக்கிற மானிப்பாய்ப் பெடியன் தோளுக்கு மேலால் எட்டி வாசிக்கிறவன் என்று நீயே எழுதியிருந்தாய். ஏதாவது சாட்டுச் சொல்லி அவனைக் கடற்கரைக்கு அனுப்பு. கதவைச் சாத்து. பிறகு இருந்து வாசி, நின்றுகொண்டு வாசிக்காதே.

போன வியாழக்கிழமை தபால்காரர் ஒரு நீளமான மண்ணிற உறையைக் கொண்டுவந்தார். மேலே மன்னருடைய சேவை என்று அச்சடித்திருந்தது. கீழே இங்கிலீசில் டைப் அடித்த உன் முழுப் பெயர். உன் அம்மா அதைக் கையால் வாங்கவில்லை, சீலைத் தலைப்பை விரித்து வாங்கினாள். மகனுக்குச் சம்பளம் ஏறிவிட்டது, அதைக் கவர்னரே தாய் தகப்பனுக்கு எழுதித் தெரிவிக்கிறார் என்று அவளுக்கு ஓர் எண்ணம். சாமி அறையில் வைத்துத் திருநீறும் பூசிவிட்டாள். எனக்கு அந்த உறையில் சம்பள வாசம் அடிக்கவில்லை. அவள் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, திருநீற்றைத் தட்டிவிட்டு உடைத்தேன். உன் பேருக்கு வந்த கடிதத்தை நான் உடைத்தது பிழைதான். ஆனால் என் பிழைகளையெல்லாம் பந்தியில் இருத்தினால் இதற்குக் கடைசி வாழையிலைகூடக் கிடைக்காது.

வருமானவரிக் கந்தோரிலிருந்து வந்திருக்கிறது. பண்டத்தரிப்புக்கும் யாழ்ப்பாணப் பட்டணத்துக்கும் இடையில் ஓடுகிற பஸ்ஸின் சொந்தக்காரராகிய நீர், நாலு வருடமாக அதன் வருமானத்தைக் காட்டவில்லை. அடுத்த புதன்கிழமை காலை பத்து மணிக்கு யாழ்ப்பாணக் கச்சேரிக் கந்தோரில் அதிகாரிக்கு முன்னால் புத்தகங்களோடு வந்து நிற்கவும் என்பது அதன் சாரம். அடியில் ஒரு வரி தனியாக இருந்தது. நீ அரசாங்க உத்தியோகத்தன் என்று தெரியவருவதால் இந்தக் கடிதத்தின் பிரதி ஒன்று உன் கந்தோர்த் தலைவருக்கும் போகுமாம். அந்த வரியை நான் நாலு தரம் வாசித்தேன். நாலு தரமும் அது மாறவில்லை.

எனக்கு ஏது பஸ் என்று நீ கேட்பாய். பஸ்ஸின் பக்கவாட்டில் மஞ்சள் எழுத்தில் உன் பேர் இருந்ததை விடுமுறையில் வந்தபோது கண்டிருக்கிறாய். ஏனப்பு என்ரை பேர் என்று கேட்டதற்கு, பிள்ளைகளின் பேரை வண்டிக்கு வைப்பது ராசி என்றேன். நீ வெட்கப்பட்டுச் சிரித்தாய். தம்பி, வண்டிக்கு உன் பேர் வைக்கவில்லை. வண்டியே உன் பேரில்தான் இருக்கிறது.

அது நடந்த விதத்தைச் சொல்லுகிறேன். நம்முடைய சுருட்டுக் கொட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் இந்த வருமான வரி இலங்கைக்கு வந்து இறங்கியது. சுருட்டுச் சிப்பங்கள் றெயிலில் தெற்கே போகின்றன, ஒவ்வொன்றுக்கும் றசீது உண்டு, ஒளிக்க இடமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினேன். கட்டினபிறகுதான் அதில் ஒரு சுகம் இருப்பது தெரிந்தது. கோயில் வீதியில் நான் போனால், உவர் அரசாங்கத்துக்கு வரி கட்டுறவர் என்று ஆட்கள் ஒதுங்கி நின்று கதைத்தார்கள். கலியாணத் தரகர்மார் சாதகத்தோடு அதையும் சொல்லத் தொடங்கினார்கள். காணி எத்தனை பரப்பு என்று கேட்ட காலம் போய், வரி கட்டுகிற இடமா என்று கேட்கிற காலம் வந்துவிட்டது. உன் அப்பன் வாயால் அழுதுகொண்டும் நெஞ்சால் நிமிர்ந்துகொண்டும் வரி கட்டினான்.

அப்படியிருக்கும்போதுதான் பஸ் வாங்கும் ஆசை பிடித்தது. கொட்டிலும் பஸ்ஸும் ஒரே பேரில் இருந்தால் இரண்டு வருமானத்தையும் ஒன்றாய்க் கூட்டுவார்கள், வரி ஒரு படி ஏறும் என்று கணக்குப் போட்டேன். யாரும் சொல்லித் தரவில்லை, என் சொந்த மூளை. நீ அப்போது சோதனை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாய், இருபத்தொரு வயது முடிந்திருந்தது. சாப்பிட்டுக் கை கழுவி வந்த உன் முன்னால் ஒரு தாளை வைத்தேன். என்னப்பு இது என்றாய். லைசென்ஸ் அலுவல் என்றேன். நீ வாசிக்கவில்லை. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கையெழுத்து வைத்தாய். நான் அன்றைக்கு உன்னை மெச்சினேன், தகப்பன் சொல்லுக்கு மறுசொல் கேளாத பிள்ளை என்று. இப்போது நினைத்தால், ஒரு தரமாவது நீ வாசித்துப் பார்த்துவிட்டு மாட்டேன் என்று சொல்லும்படி வளர்த்திருக்கலாம்.

அடுத்த வருடம் உனக்கு உத்தியோகம் கிடைத்தது. சேருகிற அன்று, என் பேரில் எந்த வியாபாரமும் இல்லை என்று கையெழுத்து வைத்ததாக எழுதியிருந்தாய். அந்த வரியை வாசித்தபோது எனக்குச் சுருக்கென்றது. உடனே பேரை மாற்றியிருக்க வேண்டும். மாற்றினால் ஏன் மாற்றுகிறாய் என்று கேள்வி வரும், கேள்வி வந்தால் பழைய கதை வெளிவரும் என்று விட்டுவிட்டேன். நீ அங்கே பொய் சொல்லவில்லை. நீ அறியாமல் உன் கையெழுத்தைப் பொய்யாக்கினவன் நான்.

இனிச் சிரிப்பதற்கு ஒரு இடம் வருகிறது. சிரித்துக்கொள், பிறகு கிடையாது. அந்த பஸ் ஒரு வருடம்கூட லாபம் தரவில்லை. நமக்கு ஐந்து நிமிடம் முன்னால் ஓடுகிற மற்ற பஸ்காரன் சனத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு போனான். மிச்சம் ஏறினவர்கள் நம்முடைய சொந்தக்காரர். உன் பெரியப்பா குடும்பத்தில் ஒன்பது பேர், ஒன்பது பேரும் எங்கடை பெடியன்ரை பஸ் என்று சொல்லி ஏறி, கொண்டக்டர் காசு கேட்டால் முறைத்தார்கள். டயர் தேய்ந்தது, எஞ்சின் புகைத்தது. கொட்டிலின் கணக்கப்பிள்ளை ஞானமுத்தரை உனக்குத் தெரியும். வேதக்காரர், மிசன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், வேறு யார் பொய் சொன்னாலும் தன் காதைப் பொத்திக்கொள்ளுகிறவர். அவர் பஸ்ஸின் நட்டத்தை ஒரு சதம் தவறாமல் தனிப் புத்தகத்தில் எழுதி வந்தார். ஒரு நாள் மெல்லச் சொன்னார்:

“முதலாளி, பஸ்ஸை உங்கடை பேரிலை வைச்சு ரெண்டையும் ஒரு தாளிலை காட்டினால், சுருட்டிலை வாறதிலை பஸ்ஸிலை போறதைக் கழிக்க விடுவாங்கள். வரி குறையும்.”

நான் கேட்டேனா? உமக்கு எழுதத்தான் தெரியும், யோசிக்கத் தெரியாது என்றேன். லாபத்தை ஒளித்தவர்களை ஊருக்கு ஊர் காணலாம். நட்டத்தை ஒளித்து, அதற்காகக் கூடுதல் வரியும் கட்டின புத்திசாலி இந்தக் குடாநாட்டில் உன் அப்பன் ஒருவன்தான். ஒருவன் இரண்டு தொழில் செய்வதில் குற்றமில்லை தம்பி. ஆனால் ஒரு தொழிலைப் பற்றிக் கேட்கிறவனிடம் மற்றத் தொழிலைப் பற்றிச் சொல்ல முடியாமல் போகிற நாள், இரண்டும் கெட்டுப்போன நாள். நான் அதைத் தெரிந்துகொள்ள நாலு வருடம் எடுத்தது.

உன் கலியாணப் பேச்சு வராமல் இருந்திருந்தால் இந்தக் கூத்து என்னோடேயே முடிந்திருக்கும். அளவெட்டிச் சம்பந்தியை நீ ஒரு தரம்தான் கண்டாய். ஸ்டேசன் மாஸ்டராக இருந்து பென்சன் எடுத்தவர். இப்போதும் மணிக்கூட்டைப் பார்த்துத்தான் தண்ணீர் குடிக்கிறார். முதல் நாள் வந்தவர், மாப்பிள்ளை பேரில் என்ன இருக்கிறது என்று கேட்டார். உத்தியோகம் இருக்கிறது என்று சொல்லி நான் வாயை மூடியிருக்கலாம். என் வாய் மூடுகிற வாயா? ஒரு பஸ் ஓடுகிறது, நல்ல லாபம் என்றேன். அப்ப புத்தகத்தை ஒருக்காப் பார்க்கலாமோ என்றார், மிகவும் மரியாதையாக.

ஞானமுத்தரிடம் புதிதாக ஒரு புத்தகம் எழுதச் சொன்னேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வேறை ஏதும் அலுவல் இருக்கோ முதலாளி என்றார். ஆகவே நானே இருந்து எழுதினேன். இரண்டு பகல் முழுவதும் பிடித்தது. தாள் பழசாகத் தெரியவேண்டும் என்று தேயிலைச் சாயம் தடவி வெயிலில் காயவைத்தேன். உன் அம்மா வடகம் என்று நினைத்துக் காகம் விரட்டினாள். அந்தப் புத்தகத்தில் நமது பஸ் எருப் போட்ட நெல்லைப் போல லாபத்தை விளைவித்தது. சொந்தக்காரர் எல்லாரும் காசு கொடுத்து ஏறினார்கள். டயர் தேயவேயில்லை. எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோது, இப்படியொரு பஸ் எனக்கும் இருக்கக்கூடாதா என்று ஏக்கமாக இருந்தது.

அதோடு நிறுத்தினேனென்றால் இந்தக் கடிதம் இவ்வளவு நீளாது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சொந்தக்காரரின் கையெழுத்து இல்லாவிட்டால் றெயில்வேக்காரர் நம்புவாரா என்று தோன்றியது. நீ கொழும்பில் இருக்கிறாய். பக்கங்கள் இங்கே இருக்கின்றன. உன் பழைய கடிதம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாற்பத்தெட்டுப் பக்கத்துக்கும் உன் கையெழுத்தை நானே வைத்தேன்.

இப்போது எழுந்து கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வா.

ஸ்டேசன் மாஸ்டர் புத்தகத்தைக் கொண்டுபோனார். ஒரு கிழமையில் திரும்பி வந்து, மகளின் சீதனக் காசில் இன்னொரு பஸ் வாங்கி இதே வீதியில் விடலாம் என்றார். அவருடைய பென்சன் காசும், இளைய இரண்டு பெண்களுக்கென்று வைத்த காசும் அதில் அடக்கம். அப்போதே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பார்ப்பம் என்றேன். போகும்போது வாசலில் நின்று, மாப்பிள்ளை பஸ்ஸுக்கு வரி கட்டின றசீதையும் ஒருக்கால் பார்க்கலாமோ என்றார். அவர் சந்தேகத்தில் கேட்கவில்லை. தன் இனசனத்துக்குக் காட்டிப் பெருமைப்படக் கேட்டார். றசீது மகனிடம் கொழும்பில் இருக்கிறது என்றேன். நல்லது, நான் எழுதிக் கேக்கிறன் என்றார். உனக்கு எழுதுவார், நீ திகைப்பாய், எனக்கு எழுதுவாய், நான் ஏதாவது சமாளிப்பேன் என்று இருந்தேன். அவர் உனக்கு எழுதவில்லை. முப்பது வருடம் கந்தோர்களோடு கந்தோராக எழுதிப் பழகின மனிதர்; நேரே வரிக் கந்தோருக்கு எழுதிவிட்டார்.

மண்ணிற உறை வந்த மறுநாளே அளவெட்டிக்குப் போனேன், நம்முடைய பஸ்ஸில் அல்ல. அவர் வீட்டுக்குப் பக்கத்து வளவில் யாரோ தவில் பழகிக்கொண்டிருந்தார்கள். பக்குவமாகச் சொல்லவேண்டிய சங்கதியைச் சந்தைக்காரி மாதிரிக் கத்திச் சொல்லவேண்டி வந்தது. புத்தகம் முழுக்கப் பொய், பஸ் நட்டத்தில் ஓடுகிறது, உங்கள் காசைப் போடவேண்டாம் என்று கத்தினேன். இன்னொரு தரம் கத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“புத்தகத்தை நான் கடிதத்தோடை அனுப்பிப்போட்டன்” என்றார்.

“ஆருக்கு?”

“வரிக் கந்தோருக்கு. மாப்பிள்ளை கட்டின வரி இந்தக் கணக்குக்குச் சரியோ எண்டு கேட்டு.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார். “ஒவ்வொரு பக்கத்திலையும் மாப்பிள்ளையின்ரை கையெழுத்து இருந்துது. அது அவர் வைச்சதுதானே?”

உன் அப்பனுக்கு வாய் வராமல் போன முதல் நாள் அது. அவர் குரலை உயர்த்தாமலே சொன்னார்.

“ஊருக்குச் சொல்லிப்போட்டம். இவளுக்குக் கீழை இன்னும் ரெண்டு பேர் இருக்கினம். கையெழுத்துத் தன்ரை எண்டு மாப்பிள்ளை சொன்னால் வரியையும் தண்டத்தையும் நானே கட்டிவிடுறன், கலியாணம் குறிச்ச நாளிலை நடக்கும். கள்ளக் கையெழுத்து வைக்கிற வீட்டுக்கு என்ரை பிள்ளையை அனுப்பமாட்டன்.”

“அப்ப நான் இப்ப சொன்னது?”

“தவில் சத்தத்திலை எனக்கு ஒண்டும் கேக்கேல்லை” என்றார்.

அவர் கெட்ட மனிதர் அல்ல. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அவருக்கு உன் உத்தியோகக் கையெழுத்தைப் பற்றித் தெரியாது; வரியும் தண்டமும் கட்டினால் முடிந்தது என்று நினைக்கிறார். நான் ஞானமுத்தரோடு இருந்து யோசித்துப் பார்த்துவிட்டேன். நாற்பத்தெட்டுக் கையெழுத்தும் உன்னுடையவை என்று நீ சொன்னால், உத்தியோகத்தில் சேரும்போது பொய் சொன்னவன், லாபத்தை ஒளித்தவன் என்று இரண்டும் உன் தலையில் ஏறும். உத்தியோகம் போகும். பிறகு வெறும் கையோடு வருகிற மாப்பிள்ளைக்கும், லாபம் தராத இரண்டு பஸ்ஸுக்கும், அந்த மூன்று பெண்களுக்கும் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை. உன்னுடையவை அல்ல என்று நீ சொல்லி, லைசென்ஸ் தாளில் உன்னை ஏமாற்றினதை நானும் சொன்னால் உத்தியோகம் தப்பும், கலியாணம் நின்றுபோகும். நான் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணலாம். எத்தனை மாதம் என்று யாரிடம் கேட்பது? கேட்டால் அதையும் ஊர் கதைக்கும்.

ஊர் மோப்பம் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். நேற்று நம்முடைய ஊர்த் தலைமைக்காரர் விதானையார் கொட்டிலுக்கு வந்தார். கொட்டில் தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து, ஒரு கட்டுச் சுருட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, தேத்தண்ணி குடித்து, நான் சொல்லுகிற புளுகுக்கெல்லாம் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுப் போகிறவர். நேற்று இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. தேத்தண்ணி வேண்டாம் என்றார். ஒரு கட்டுச் சுருட்டு எடுத்தார். விலை என்ன என்று கேட்டு, காசை எண்ணி வைத்துவிட்டுப் போனார். சுருட்டுக்காரர் எல்லாரும் கை நிறுத்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொலிசு வந்திருந்தால்கூட நான் இவ்வளவு நடுங்கியிருக்க மாட்டேன்.

உன் அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. ஒரு ஓம் தானே, கையெழுத்துத் தன்ரை எண்டு அவன் சொல்லுவான் என்றாள். உத்தியோகம் போகும் என்றேன். உத்தியோகம் இல்லாமல் இந்த ஊரில் எத்தனை பேர் சீவிக்கினம், மறியலுக்குப் போன தகப்பனோடை எத்தனை பேர் சீவிக்கினம் என்று கேட்டாள். மத்தியானம் முழுவதும் குசினி அடுப்படியில் இருந்து அவளும் உனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள். நான் வாசிக்கவில்லை, வாசிக்கத் தேவையுமில்லை. கிழித்துப் போடலாம் என்று கை போனது. உன் பேருக்கு எழுதின இன்னொரு கடிதத்திலும் கை வைக்க எனக்குத் துணிவில்லை. இரண்டையும் நாளைக்கு ஒரே தபாலில் போடுகிறேன். இரண்டும் ஒன்றாகத்தான் உன் கைக்கு வரும்.

ஆகவே, நான் சொல்லுவதைக் கேள். செவ்வாய்க்கிழமை இரவு வண்டியில் ஏறு. புதன்கிழமை காலையில் வீட்டுக்கு வராதே. வந்தால் அவள் உன் முன்னால் சோறு போட்டு வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பாள், நீ இளகிப்போவாய். ஸ்டேசனிலிருந்து நேரே கச்சேரிக்குப் போ. ஞானமுத்தர் உண்மையான புத்தகத்தோடு வாசலில் நிற்பார். நானும் அங்கேதான் நிற்பேன். என்னோடு கதையாதே, என் முகத்தையும் பாராதே. பார்த்தால் பழக்கதோஷத்தில் நான் ஏதாவது பகிடி விடுவேன், நீயும் பழக்கதோஷத்தில் நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவாய்.

அந்தத் தேயிலைச் சாயப் புத்தகத்தை உன் முன்னால் விரித்து, இது உம்முடைய கையெழுத்தா என்று கேட்பார்கள். இல்லை என்று சொல். யாருடையது என்று கேட்பார்கள். என் தகப்பனுடையது என்று சொல். நம்பமாட்டோம் என்றால், உன் பேரின் கடைசி எழுத்தைப் பார்க்கச் சொல். நீ அதை எழுதிவிட்டு வாலை மேலே சுழற்றி முதல் எழுத்துக்கு மேலால் கொண்டுபோய் விடுவாய், சின்ன வகுப்பிலிருந்தே அந்தப் பழக்கம். எனக்கு அது வரவில்லை தம்பி. நாற்பத்தெட்டுப் பக்கத்தில் ஒன்றிலும் வரவில்லை. எல்லாவற்றிலும் வால் பாதியிலேயே நடுங்கி நிற்கிறது. முதல் பக்கத்திலேயே தெரியும். விரலை வைத்துக் காட்டு.

இப்படிக்கு,
உன் அப்பு